இடப்பக்கம் சாய்ந்தால் நெஞ்சு துள்ளுவது ஏன்?

உடம்பின் உறுப்புகளுள் நாம் ஏவாமலே நமக்காக ஓயாது உழைப்பது நெஞ்சுப்பை. நிமிடத்திற்கு 70 துடிப்பு என்று கொண்டால் ஒரு நாளில் அது 1,00,800 முறை துடிக்கின்றது. இத்தனை துடிப்புகளுள் பெரும்பாலானவற்றை நாம் உணர்வதே இல்லை. உணரத் தொடங்கும் நாளில் கவலையும் உடன் தொடங்கிவிடுகின்றது. பகலெல்லாம் நலமாக வேலை பார்த்த ஒருவர் இரவில் இடப்பக்கம் சாய்ந்து படுக்கின்றார். நெஞ்சு திடீரென ஒருமுறை துள்ளுகின்றது. பின் நின்றுவிட்டாற்போல் ஓர் இடைவெளி. அதன்பின் ஓங்கி ஓர் அடி. வலப்பக்கம் புரண்டு படுத்தால் அடங்குகின்றது. சிலருக்குக் குனிந்து எழும்போதும், வேறு சிலருக்கு உண்டபின் மல்லாந்து படுக்கும்போதும் இவ்வாறு நேர்கின்றது. இதன் காரணம் யாது? இஃது அஞ்சத்தக்கதா? அஞ்சத்தக்கது அன்றெனின், இதனோடு வாழ்வது எங்ஙனம்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

லாபிஸ் போன்ற ஊரில் இவ்வினாக்களுக்கு மற்றொரு முகமும் உண்டு. ஜோகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், 1909-இல் நிறைவுற்ற கெமாஸ் - ஜோகூர் பாரு இருப்புப்பாதையில் அமைந்தது. சுற்றிலும் இரப்பர்த் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் உடையது. பெரிய மருத்துவமனைக்குச் செல்வதாயின் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடந்து சிகாமட்டுக்குச் செல்ல வேண்டும். ஆகவே நள்ளிரவில் நெஞ்சு துள்ளும்போது, புறப்படுவதா, புரண்டு படுப்பதா என்பதை வீட்டிலுள்ளோரே முடிவு செய்ய வேண்டியுள்ளது. வேண்டாத அச்சத்தால் பல இரவுகள் உறக்கம் இழப்பாரும் உளர். வேண்டிய அச்சம் இல்லாமையால் காலம் தாழ்த்துவாரும் உளர். இருசாரார்க்கும் வேண்டுவது வேறுபாடு அறியும் அறிவே.

துடிப்பின் யாப்பு

நெஞ்சுப்பையின் வலப்பக்க மேலறையில் ஒரு சிறு திசு முடிச்சு உண்டு. 1907-இல் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்னும் இருவர் இதனைக் கண்டறிந்தனர். துடிப்புக்கு வேண்டிய மின் ஏவல் இங்குப் பிறந்து, மேலறைகளைக் கடந்து, கீழறைகளை அடைகின்றது. ஏவல் ஒழுங்காகப் பிறக்கும்வரை துடிப்பும் ஒழுங்காக நடைபெறும். ஆயின் நெஞ்சுத் தசையின் வேறு இடங்களுக்கும் ஏவலைப் பிறப்பிக்கும் ஆற்றல் ஓரளவு உண்டு. சிற்சில வேளைகளில் அவ்விடங்களுள் ஒன்று முடிச்சின் முறை வருவதற்கு முன்னரே முந்திக்கொள்கின்றது. அவ்வாறு பிறப்பதே எக்ஸ்ட்ராசிஸ்டோல் எனப்படுவது. தமிழில் இதனை முந்து துடிப்பு எனலாம்.

தமிழாசிரியர்க்கு இதனை விளக்குதல் எளிது. சீர்கள் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் ஓர் அடியில் ஒரு சீர் தன் இடத்திற்கு முன்பே வந்து விழுந்தால் தளை தட்டுகின்றதன்றோ? முந்து துடிப்பும் அத்தகையதே. முந்தி வரும் துடிப்பின்போது நெஞ்சுப்பை குருதியால் நிறைய நேரம் கிடைப்பதில்லை. எனவே அத்துடிப்பு வலுவற்றதாகின்றது. மணிக்கட்டில் நாடி பார்ப்பவர்க்கு அது தட்டுப்படாமலும் போகலாம். அதன்பின் ஒரு நீண்ட இடைவெளி வருகின்றது. அவ்விடைவெளியில் நெஞ்சுப்பை வழக்கத்தினும் மிகுதியாக நிறைந்துவிடுவதால் அடுத்த துடிப்பு ஓங்கி விழுகின்றது. நின்றுவிட்டது என்று நாம் அஞ்சுவது அந்த இடைவெளியையே. துள்ளிற்று என்று நாம் உணர்வது பெரும்பாலும் முந்து துடிப்பை அன்று, அதன்பின் வரும் முறையான துடிப்பையே.

இன்னொரு நுட்பமும் அறியத்தக்கது. கீழறையில் பிறக்கும் முந்து துடிப்பு, மேலறையிலுள்ள முடிச்சின் கணக்கைப் பெரும்பாலும் கலைப்பதில்லை. பாடகர் ஒருமுறை முந்தி எடுத்துவிட்டாலும் தாளம் போடுபவரின் கை தன் கணக்கில் நிற்பது போன்றது இது. இடைவெளிக்குப்பின் வரும் துடிப்பு, இடையூறு நேராதிருந்தால் எங்கு விழுமோ அங்கேயே விழுகின்றது. தாளம் கெடவில்லை, ஓர் அடி மட்டும் இடம் பெயர்ந்தது, அவ்வளவே. இதற்கு மாறாக, முதியோர்பால் மிகுதியாகக் காணப்படும் மேலறை நடுக்கம் என்னும் நோயில் துடிப்புக்கு எவ்வகைக் கணக்கும் இராது. அங்கு யாப்பே இல்லை. மேலறையில் குருதி உறைந்து மூளைக்குச் சென்று பக்கவாதத்தை விளைவிக்கக்கூடும் ஆதலின் அந்நோய்க்கு மருத்துவம் இன்றியமையாதது. எனவே 'இடையிடையே தளை தட்டுகின்றதா, முழுதும் யாப்பற்று ஓடுகின்றதா?' என்பதே நாடி பார்ப்போர் கேட்க வேண்டிய முதல் வினா. நோயாளரை மேசையின்மேல் விரலால் தட்டித் தம் துடிப்பின் போக்கைக் காட்டுமாறு மருத்துவர்கள் கேட்பதும் இதன் பொருட்டே.

நாடியின் எண்ணிக்கையோடு அதன் நடையையும் நோக்க வேண்டும் என்பது நம் சித்த மருத்துவர்க்குப் புதிதன்று. வாதநாடி அன்னம், கோழி, மயில் போலவும், பித்தநாடி ஆமை, அட்டை போலவும், ஐயநாடி பாம்பு, தவளை போலவும் நடக்கும் என்று அவர்கள் வகுத்தனர். இன்றைய மருத்துவத்தின் பாகுபாடு வேறாயினும், விரலின்கீழ் ஓடும் நடையை உவமையால் பிடித்துவைக்கும் முயற்சி இரண்டிற்கும் பொது.

கிடக்கும் நிலையும் துடிப்பும்

நிற்றல், இருத்தல், கிடத்தல் என்னும் மூன்றும் வெளித்தோற்றத்தில் மட்டும் வேறுபடுவன அல்ல. நெஞ்சுப்பைக்கு இவை மூன்றும் மூன்று வேறு சூழ்நிலைகள்.

முதலாவது, இடப்பக்கம் சாய்தல். நெஞ்சுப்பை மார்புக்கூட்டுள் இறுகக் கட்டப்பட்ட பொருள் அன்று. உடல் சாய்ந்த பக்கம் அதுவும் சிறிது சாயும். இடப்பக்கம் படுக்கும்போது அதன் கூர்முனை விலா எலும்புகளை நெருங்கி வந்து மார்புச் சுவரில் மோதுகின்றது. அம்மோதல் மெத்தையிலும் தலையணையிலும் எதிரொலிக்கின்றது. தலையணையில் அழுந்திய செவி அதனைக் கேட்கின்றது. பகலில் தோன்றி அறியப்படாது போகும் முந்து துடிப்புகள் இரவில் அறியப்படுவதற்கு இஃதொரு காரணம். நெஞ்சுப்பை இடம் பெயர்வதாலும் இழுபடுவதாலும் சிலருக்கு அவை எண்ணிக்கையில் மிகுதலும் உண்டு. மருத்துவர்கள் இந்நிலையைத் தமக்குப் பயன்படுத்திக்கொள்கின்றனர். மூட்டுக்காய்ச்சலால் சுருங்கிய ஈரிதழ் வால்வின் மெல்லிய ஒலியைக் கேட்க வேண்டுமாயின், நோயாளரை இடப்பக்கம் சாயச் செய்து குழலை வைப்பது அவர்தம் வழக்கம்.

இரண்டாவது, படுத்து ஓய்தல். ஓய்வில் வேகஸ் என்னும் நரம்பு நெஞ்சுப்பையின் நடையைத் தளர்த்துகின்றது. இந்நரம்பின் இப்பணியை 1845-இல் வேபர் உடன்பிறப்பினர் காட்டினர். நடை தளர்ந்தால் துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே இடம் அகல்கின்றது. அவ்விடத்தில் முந்து துடிப்பு நுழைந்துவிடுகின்றது. உழைக்கும்போது நடை விரைவதால் இடம் குறுகுகின்றது. தோட்டத்தில் ஏணி தூக்கி நடக்கும்போது தோன்றாத துள்ளல், வீடு திரும்பிப் படுத்தவுடன் தோன்றுவதன் காரணம் இதுவே. உழைப்பால் மறைந்து ஓய்வில் தோன்றும் துள்ளல் பெரும்பாலும் தீங்கற்றது. உழைக்கும்போதே தோன்றி மிகுவதாயின் ஆராயத்தக்கது.

மூன்றாவது, குனிதல். வயிறு நிறைந்திருக்கையில் குனிந்தால் உதரவிதானம் மேலெழுந்து நெஞ்சுப்பையைத் தள்ளுகின்றது. இரைப்பை உப்புதலுக்கும் நெஞ்சுப் படபடப்புக்கும் உள்ள தொடர்பை ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் ரோம்ஹெல்ட் விரித்து எழுதினார். 'வாயு நெஞ்சை அடைக்கின்றது' என்று நம் பாட்டிமார் கூறுவதில் ஓர் உண்மை உண்டு. ஆயினும் மாரடைப்பின் வலியையும் வாயு என்று கொண்டு உயிரிழந்தோர் உளராதலின், வலி உள்ள இடத்தில் இவ்விளக்கத்தை நம்பியிருத்தல் கூடாது.

நான்காவது, எழுந்து நிற்றல். நின்றவுடன் ஏறத்தாழ 500 முதல் 800 மில்லிலிட்டர் குருதி கால்களிலும் வயிற்றிலும் இறங்கித் தங்குகின்றது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் உள்ள அழுத்த உணரிகள் இதனை அறிந்து நெஞ்சுப்பையை விரைவுபடுத்துகின்றன. நிமிடத்திற்குப் பத்து, இருபது துடிப்பு மிகுதல் இயல்பே. நின்ற பத்து நிமிடத்திற்குள் 30 துடிப்புக்கு மேல் மிகுந்து, தலைசுற்றலும் சோர்வும் பல திங்கள் தொடருமாயின் அது தனி நோயாகக் கருதப்படுகின்றது. 1993-இல் அதற்குத் தனிப்பெயரும் வகுக்கப்பட்டது. வெயிலில் வேலை செய்து போதிய நீர் அருந்தாதார்க்கு, இந்நோய் இன்றியே, எழுந்தவுடன் நெஞ்சு படபடத்தல் உண்டு.

பர்ன்லி நகரத்து மருத்துவர்

தளை தட்டும் நாடி அனைத்தும் சாவின் அறிகுறி என்று மருத்துவரும் எண்ணிய காலம் ஒன்றிருந்தது. அவ்வெண்ணத்தை மாற்றியவருள் தலையாயவர் ஜேம்ஸ் மெக்கன்ஸி. இவர் பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். இங்கிலாந்தின் இலங்காஷயரில், பஞ்சாலைகள் மிகுந்த பர்ன்லி நகரில், 1879 முதல் 1907 வரை தொழிலாளர் குடும்பங்களுக்கு மருத்துவம் பார்த்தவர். நெஞ்சுநோயுடைய கருவுற்ற பெண்ணொருத்தி மகப்பேற்றின்போது இறந்தது இவர் மனத்தை வருத்தியது. எந்நோய் கொல்லும், எது கொல்லாது என்று முன்கூட்டி அறியும் வழியைத் தேடலானார். மணிக்கட்டு நாடியையும் கழுத்துச் சிரையின் துடிப்பையும் ஒருங்கே தாளில் வரையும் கருவி ஒன்றை, கடிகாரம் செய்வோர் ஒருவரின் துணைகொண்டு அமைத்தார்.

கருவியினும் சிறந்தது இவர் மேற்கொண்ட முறை. ஒரே ஊரில் நெடுங்காலம் இருந்தமையால், முந்து துடிப்புடையாரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து நோக்க இயன்றது. வேறு நோய் இல்லாத அவர்களுட் பலர் நலமாக வாழ்ந்து முதுமை எய்துவதைக் கண்டார். மூச்சை உள்ளிழுக்கும்போது விரைந்தும் வெளிவிடும்போது தளர்ந்தும் நடக்கும் சிறுவர் நாடியும் தீங்கற்றதே என்று காட்டினார். நாடி பற்றிய இவர்தம் நூல் 1902-இல் வெளிவந்தது. அதற்கு அடுத்த ஆண்டு வில்லெம் ஐந்தோவன் நெஞ்சின் மின்னோட்டத்தை வரையும் கருவியை விளக்கி வெளியிட்டார்; அதுவே இன்றைய ஈ.சி.ஜி.க்கு அடிப்படை. 1961-இல் நார்மன் ஹோல்ட்டர், நடமாடும் ஒருவரின் துடிப்பை மணிக்கணக்காகப் பதியும் கருவியைப் பற்றி எழுதினார். நலமுடையார் பலர்க்கும் நாள்தோறும் சில முந்து துடிப்புகள் உண்டென்பது இத்தகைய பதிவுகளால் உறுதியாயிற்று.

அடக்கப்போய் வந்த கேடு

'தீங்கற்றதாயினும் மருந்தால் அடக்கிவிட்டால் என்ன?' என்று கேட்பார் உளர். இதற்கு மருத்துவ வரலாறே விடை கூறுகின்றது.

மலாயாத் தோட்டங்களில் மலேரியாவுக்கு வழங்கிய கொயினா என்னும் கைப்பு மருந்தை முதியோர் மறந்திரார். 1912-இல் வெங்கபாக் என்னும் மருத்துவரிடம் டச்சு வணிகர் ஒருவர் வந்து, தம் நெஞ்சின் தாளக்கேட்டைக் கொயினாவால் தாமே நிறுத்திக்கொள்வதாகக் கூறினார். மறுநாள் சீரான நாடியோடு வந்து மெய்ப்பித்தும் காட்டினார். அக்குறிப்பின் வழியே 1918-இல் வால்ட்டர் ஃபிரே, கொயினாவின் உறவான குவினிடின் இன்னும் வலிமையுடையது என்று கண்டார். தாளக்கேட்டுக்குரிய மருந்துகளின் வரிசை இவ்வாறு தொடங்கிற்று. ஆயின் அம்மருந்தே சிலர்க்குக் கொடிய தாளக்கேட்டை விளைவித்து மயங்கி விழச் செய்வதும் பின்னர்த் தெரியவந்தது.

இதனினும் பெரும்பாடம் 1991-இல் முழுமையாக வெளிவந்த ஓர் ஆய்வால் கிடைத்தது. மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுக்கு முந்து துடிப்பு மிகுந்திருந்தால் இறப்பும் மிகுதி என்பது அறியப்பட்டிருந்தது. எனவே அத்துடிப்புகளை அடக்கினால் உயிர் காக்கலாம் என்று கருதி, என்கெய்னைடு, ஃபிளெக்கெய்னைடு என்னும் மருந்துகளைச் சிலர்க்கும், மருந்தற்ற போலி மாத்திரையைச் சிலர்க்கும் கொடுத்து ஆராய்ந்தனர். 1,498 பேர் ஈடுபட்ட இவ்வாய்வில், சராசரி பத்துத் திங்களில், மருந்துண்டவருள் 63 பேரும் போலி மாத்திரை உண்டவருள் 26 பேரும் இறந்தனர். மருந்துகள் முந்து துடிப்பை அடக்கவே செய்தன, உயிரைக் காக்கவில்லை. அறிகுறி ஒழிதல் வேறு, நோய் ஒழிதல் வேறு என்பதை மருத்துவ உலகம் மிகுந்த விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

ஆகவேதான் நலமான நெஞ்சுடையார்க்கு மருத்துவர் 'மருந்து வேண்டா' என்கின்றனர். புறக்கணிப்பு என்று அதனைக் கொள்ளலாகாது. ஆராய்ந்து கூறும் முடிவு அது. 1985-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வும் இதற்குத் துணை நிற்கின்றது. மிகுதியான முந்து துடிப்பு இருந்தும் வேறு குறையற்ற 73 பேரைச் சராசரி ஆறரை ஆண்டு பின்தொடர்ந்ததில், அவர்தம் வாழ்நாள் வாய்ப்பு ஏனைய நலமுடையார்க்கு ஒத்ததாகவே இருந்தது. ஒரு விலக்கு மட்டும் உண்டு. நாளின் மொத்தத் துடிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முந்து துடிப்பாகவே இருப்பின், ஆண்டுகள் செல்லச் செல்லச் சிலர்க்கு நெஞ்சுத் தசை தளர்வதுண்டு. அத்தகையார்க்கு மருந்தும், துடிப்புப் பிறக்கும் இடத்தைச் சுட்டு நீக்கும் முறையும் பயன்படுகின்றன.

அஞ்ச வேண்டுவன

மயங்கி விழுதல், மார்பில் அழுத்தமோ வலியோ தோன்றுதல், மூச்சுத் திணறல், உழைக்கும்போது படபடப்புத் தோன்றுதல், திடீரெனத் தொடங்கி நிமிடக்கணக்கில் நில்லாது விரைந்து ஓடுதல், நாடி முழுதும் கணக்கற்றுப் போதல், முன்பே நெஞ்சுநோய் இருத்தல், குடும்பத்தில் இளவயதினர் எவரேனும் திடீரென இறந்திருத்தல் - இவற்றுள் ஒன்று இருப்பினும் மருத்துவரை நாட வேண்டும். மயக்கமோ மார்வலியோ கடும் மூச்சுத்திணறலோ உடன் இருந்தால் விடியும்வரை காத்திராது 999-ஐ அழைக்க வேண்டும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால் தணிவதும், கால் வீங்குவதும் நெஞ்சுப்பை தளர்ந்ததன் குறியாகலாம். உடல் நிலையால் மாறுவது என்ற அளவிலேயே இதனையும் தீங்கற்றது என்று கொண்டுவிடலாகாது.

மேற்கூறியன எவையும் இல்லாதாரும் ஒருமுறை ஆராய்ந்து பார்த்துக்கொள்ளுதல் கடன். அரசாங்கக் கிளினிக்கில் ஈ.சி.ஜி. எடுத்து, குருதிச் சோகை, தைராய்டு மிகை, பொட்டாசியக் குறைவு ஆகியவற்றைச் சோதித்தறியலாம். படபடப்பை உண்டாக்கும் இவை மூன்றும் திருத்தக்கூடியவை. 'தீங்கற்றது' என்னும் சொல் சோதனைக்குப் பின்னரே பொருளுடையது.

உடன் வாழும் முறை

தீங்கற்றது என்று தெளிந்தபின் செய்யத்தக்கன சில. இடப்பக்கம் துள்ளினால் வலப்பக்கம் படுக்கலாம். தலைப்பக்கத்தைச் சிறிது உயர்த்திக்கொள்ளலாம். இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு, மூன்று மணி நேரம் விடுதல் நன்று. குனிவதற்கு மாறாக முழங்கால் மடக்கி அமரலாம். படுக்கையிலிருந்து எழும்போது சிறிது நேரம் விளிம்பில் உட்கார்ந்து பின் நிற்கலாம். வெயிலில் உழைப்பார் தாகம் எடுக்கும்வரை காத்திராது நீர் அருந்த வேண்டும். மதுவும் புகையும், வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் விலக்கத்தக்கன. சளிக்காகக் கடையில் வாங்கும் மாத்திரைகளுள் சில நெஞ்சை விரைவுபடுத்துவன. அவற்றைப் பற்றி மருந்தாளரைக் கேட்டுக்கொள்க.

காப்பியைப் பற்றி எல்லார்க்கும் ஒரே விதி கூற இயலாது. 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 100 பேர், காப்பி அருந்திய நாளும் அருந்தாத நாளும் என ஒப்பிட்டு நோக்கப்பட்டனர். மேலறை முந்து துடிப்பு காப்பியால் குறிப்பிடத்தக்க அளவு மிகவில்லை. கீழறை முந்து துடிப்பு சற்று மிகுந்தது. உறக்கம் நாளுக்கு அரைமணிக்கு மேல் குறைந்தது. ஆகவே ஒவ்வொருவரும் இரண்டு வாரம் விட்டுப் பார்த்துத் தம் உடம்பின் இயல்பைத் தாமே அறிந்துகொள்ளுதல் நலம்.

அச்சத்தின் பங்கு

அனைத்தினும் பெரிய தூண்டுகோல் அச்சமே. துள்ளல் அச்சத்தைப் பிறப்பிக்கின்றது. அச்சத்தால் அட்ரினலின் சுரக்கின்றது. அதனால் துள்ளல் மிகுகின்றது. மிகுந்த துள்ளல் அச்சத்தை வளர்க்கின்றது. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் ஒன்றாக அச்சத்தை வைத்து, அதன் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கனைக் கூறுவர். நான்கும் அஞ்சுவானுக்குப் புறத்தே உள்ளவை. ஓடியோ ஒளிந்தோ தப்ப ஓரளவு வழியுடையவை. தன் நெஞ்சையே ஒருவன் அஞ்சும்போது ஓடி ஒளிய இடமில்லை. அதனாலேயே இவ்வச்சம் சிறிதாயினும் கொடிது. அறிவு ஒன்றே இதற்கு மருந்தாகின்றது.

ஆசிரியர்கள் இங்கு ஒரு நற்பணி செய்யலாம். பெருவிரலின் அடியில், மணிக்கட்டின் வெளியோரத்தில், மூன்று விரல் வைத்து, அரை நிமிடம் எண்ணி இரட்டித்தால் நாடியின் அளவு தெரியும். முழு நிமிடம் பொறுமையாக நோக்கினால் அதன் நடையும் தெரியும். வகுப்பில் கால்மணி நேரத்தில் இதனைக் கற்பித்துவிடலாம். மூச்சோடு மாறும் தம் நாடியைச் சிறுவர் வியப்போடு கண்டுகொள்வர். அவ்வாறு கற்ற பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால், நள்ளிரவில் தாத்தாவின் நாடியைப் பிடித்துப் பார்த்து, இடையில் ஓர் அடிதான் தட்டுகின்றது என்றோ, யாப்பே இல்லை, உடனே வண்டி வேண்டும் என்றோ கூறவல்லதாகும்.